6ஜி வந்தா புயல் அன்னைக்கு போன் போகுமா?

இன்னைக்கு 6ஜி பத்திப் பேசப் போறோம். ஆனா ஒரு பழைய கதையிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

2011 டிசம்பர் 30. கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவுல தானே புயல் கரையைக் கடந்த நாள். நான் அப்போ சிதம்பரத்துல ஹாஸ்டல்ல தங்கிப் படிச்சிட்டு இருந்தேன். அப்பா, அம்மா கடலூர்ல. நடுவுல 45 கிலோமீட்டர்தான். ஆனா ரெண்டு நாளா லைன் கிடைக்கல. மூணாவது நாள் அப்பாவே பைக்ல வந்து ஹாஸ்டல் வாசல்ல நின்னார். "போன் அடிச்சு அலுத்துப்போச்சுடா, அதான் நேர்லயே வந்துட்டேன்"னார்.

டவர் விழுந்தாதான் சிக்னல் போகும்னு இல்ல. கரண்ட் போனதும் டவர் பேட்டரிக்கு மாறும். அது சில மணி நேரம்தான் தாங்கும். அப்புறம் ஜெனரேட்டருக்கு டீசல் வேணும். ரோடு முழுக்க மரம் விழுந்து கிடந்தா, டீசல் எப்படி வரும்? போதாததுக்கு ஃபைபர் கேபிள் அறுந்திருந்தா, டவர் உயிரோட இருந்தும் பிரயோஜனம் இல்ல.

இப்போ 6ஜிக்கு வருவோம். சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியம் 2023 நவம்பர்ல இதுக்கான இலக்குகளை வெளியிட்டது. அதிகாரப்பூர்வப் பெயர் ஐஎம்டி-2030. 5ஜியோட உச்ச வேக இலக்கு நொடிக்கு 20 ஜிகாபிட். 6ஜிக்கு 50 முதல் 200 வரை ஆய்வு நடக்குது. எல்லாரும் பேசுறது இந்த நம்பரைத்தான். ஆனா ரொம்ப உயர்ந்த அலைவரிசையில போற சிக்னல் தூரம் போகாது, சுவரைத் தாண்டத் திணறும். பிச்சாவரம் காட்டுக்குள்ள அந்த வேகத்தால பெருசா லாபமில்லை.

என்னைப் பிடிச்சு நிறுத்தினது வேற ரெண்டு இலக்கு. ஒண்ணு, எங்க இருந்தாலும் இணைப்பு. இன்னொண்ணு, பேரிடர்ல அடிபட்டாலும் சீக்கிரம் எழுந்து நிக்கிற நெட்வொர்க்.

இதுக்கு ஒரு வழி, செயற்கைக்கோளையே டவரா மாத்துறது. சுமார் 500 கிலோமீட்டர் உயரத்துல சுத்துற செயற்கைக்கோள் நொடிக்கு ஏழு கிலோமீட்டருக்கு மேல ஓடும். அதாவது உங்க டவர் ஒரு இடத்துல நிக்காது. சில நிமிஷத்துல அது தொடுவானத்துக்குக் கீழே இறங்கிடும். அதுக்குள்ள போன் அடுத்ததுக்கு மாறணும். ஓட்டத்தால அலைவரிசையும் மாறும், அதையும் சரிபண்ணணும். 2022ல முடிஞ்ச 5ஜி தரநிலையான ரிலீஸ் 17ல இது பின்னால சேர்ந்துக்கிச்சு. 6ஜியில தரையையும் வானத்தையும் முதல்லேருந்தே ஒரே நெட்வொர்க்கா வடிவமைக்கணும்ங்கிறது திட்டம்.

பரங்கிப்பேட்டையிலிருந்து கடலுக்குப் போறவங்களுக்கு இது பெரிய விஷயம். கரை மறைஞ்சா சிக்னலும் மறைஞ்சிடுது. திடீர்னு வானிலை மாறினா, அந்தத் தகவல் அவங்க போனுக்கே போய்ச் சேரணும்.

ஆனா மிகைப்படுத்த வேண்டாம். ஒரு போன் அனுப்புற சிக்னலோட சக்தி கால் வாட் கூட இருக்காது. அது விண்வெளி வரை போகணும். அதனால குறுஞ்செய்தி சுலபம், வீடியோ கால் கஷ்டம். வீட்டுக்குள்ள இருந்தா இன்னும் கஷ்டம்.

இந்தியா 2022 அக்டோபர்ல 5ஜியைத் தொடங்கிச்சு. 2023 மார்ச்ல 'பாரத் 6ஜி' தொலைநோக்கு ஆவணம் வந்தது. இலக்கு 2030. அதுக்குள்ள எத்தனை டிசம்பர் வரும்னு நம்ம கடலோர ஆட்களுக்குத் தெரியும். ஒரு தரநிலையை எழுதினதால மட்டும் டவருக்குக் கூடுதல் பேட்டரி வந்துடாது. அதை இன்னைக்கே கேட்கலாம், 6ஜி வரணும்னு இல்ல.

அடுத்த தடவை யாராவது 6ஜியில படம் எத்தனை நொடியில இறங்கும்னு சொன்னா, ஒரே ஒரு கேள்வி கேளுங்க: கரண்ட் போனா என்ன ஆகும்?

உங்க ஊர்ல புயல் நேரத்துல போன் எத்தனை நாள் படுத்துச்சு? எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.