நட்சத்திரம் இல்லாத கேள்விகள்

நாடாளுமன்றம் என்றதும் தொலைக்காட்சியில் நாம் பார்ப்பது கூச்சலும் வெளிநடப்பும்தான். அந்தக் கூச்சலுக்கு நடுவே, யாரும் எழுந்து நின்று பேசாமலேயே ஒரு வேலை நடக்கிறது. உறுப்பினர்கள் முன்கூட்டியே எழுதிக் கொடுத்த கேள்விகளுக்கு, அமைச்சர்கள் எழுத்தில் பதில் தந்து அவையின் மேசையில் வைக்கிறார்கள். அந்தத் தாளில் சில நேரம் நம் தலைவிதியே ஓர் எண்ணாக அச்சாகியிருக்கிறது. அதைப் பற்றிச் சேரியில் நாம் பேசுவது குறைவு. கூட்டம் போட்டு முழங்குவதைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறோம்.

மக்களவையில் கேள்விகள் இரண்டு வகை. நட்சத்திரக் குறியிட்டவைக்கு அமைச்சர் வாய்மொழியாகப் பதில் சொல்ல வேண்டும். அதன்மேல் துணைக்கேள்வியும் கேட்கலாம். ஒரு நாளைக்கு 20 கேள்விகள்தான் அந்தப் பட்டியலில் இடம்பெறும். நட்சத்திரம் இல்லாதவை 230 வரை வரும். அவற்றுக்கு எழுத்தில்தான் பதில். குறைந்தது 15 நாள் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும். ஓர் உறுப்பினர் பெயரில் ஒரு நாளைக்கு ஐந்து கேள்விக்கு மேல் பட்டியலில் ஏறாது. அந்த ஐந்தும் ஒரே துறையைப் பற்றி இருக்க வேண்டியதில்லை. காலையில் ஒரே உறுப்பினருக்கு வெவ்வேறு துறை அமைச்சர்கள் பதில் எழுதியிருப்பார்கள். ஆளுங்கட்சியா எதிர்க்கட்சியா, பெரிய கட்சியா சிறிய கட்சியா என்று இந்த வரிசையில் யாரும் பார்ப்பதில்லை. அவையில் பேச இரண்டு நிமிடம் கிடைப்பதே அரிதாக இருக்கும் சிறிய கட்சி உறுப்பினருக்கு இது பெரிய வாய்ப்பு. விழுப்புரம் உறுப்பினர் ரவிக்குமார் போன்றவர்கள் இதைத் தெரிந்து பயன்படுத்துகிறார்கள்.

கேள்வி கேட்கும் உரிமை ஒரே நாளில் வந்ததில்லை. வெள்ளையர் ஆட்சியில் 1892-ஆம் ஆண்டுச் சட்டம்தான் சபை உறுப்பினர்களுக்குக் கேள்வி கேட்க இடம் கொடுத்தது. துணைக்கேள்வி 1909-இல் வந்தது. அதே 1892-இல்தான் நமக்குப் பஞ்சமி நிலம் வழங்கும் ஆணையும் பிறந்தது. ஆணை வந்த காலத்தில், ‘அந்த நிலம் யாருக்குப் போனது’ என்று சபையில் கேட்க நம்மவர் ஒருவரும் இல்லை. எம்.சி.ராஜாவும் தாத்தா இரட்டைமலை சீனிவாசனும் சென்னைச் சட்டமன்றத்தில் உட்கார்ந்தது 1920-களில். ராஜா கொண்டுவந்த தீர்மானத்தின் பயனாக 1922-இல் ‘ஆதிதிராவிடர்’ என்ற பெயர் அரசு ஆவணத்தில் ஏறியது. பொதுச்சாலையும் பொதுக்கிணறும் எல்லோருக்கும் உரியவை என்ற சீனிவாசனின் தீர்மானம் 1924 ஆகஸ்ட் 22-இல் நிறைவேறியது. இரண்டுமே தீர்மானங்கள், கேள்விகள் அல்ல. ஆனால் சபையில் நம்மவர் இருந்து, எழுத்தில் ஒன்றைக் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு அவைதான் முதல் சான்று.

இனி அண்மைக் காலத்துக்கு வருவோம். கேள்வியில் ஒரு சொல் மாறினால் பதில் எப்படி மாறுகிறது என்பதை 2021-ஆம் ஆண்டில் நடந்தது நன்றாகக் காட்டும்.

அந்த ஆண்டு ஜூலை 28 அன்று மாநிலங்களவையில் மல்லிகார்ஜுன கார்கேயும் எல்.அனுமந்தய்யாவும் கேட்ட கேள்விக்கு, கையால் மலம் அள்ளும் தொழிலால் சாவு எதுவும் பதிவாகவில்லை என்று சமூகநீதித் துறை இணையமைச்சர் ராம்தாஸ் அத்வாலே பதில் தந்தார். நாடே கொதித்தது. மாதம் தவறாமல் ஏதோ ஓர் ஊரில் கழிவுநீர்த் தொட்டியில் இறங்கிய தொழிலாளி பிணமாக வெளியே வருகிறார். செய்தித்தாளில் படம் வருகிறது. அரசோ ஒருவரும் சாகவில்லை என்கிறது! பதிலில் கையெழுத்திட்டவர் தலித் பேந்தர் இயக்கத்தில் வளர்ந்தவர் என்பது நமக்கு இன்னும் கசப்பான விஷயம்.

அந்தப் பதிலை வெறும் பொய் என்று சொல்லித் தள்ளிவிட முடியாது. அதன் சூட்சுமம் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருக்கிறது. உலர் கழிப்பறையிலும் திறந்த சாக்கடையிலும் குழியிலும் மனித மலத்தைக் கையாள்பவரைச் சட்டம் ஒரு சொல்லால் குறிக்கிறது. பாதாளச் சாக்கடையிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் பாதுகாப்புக் கருவி இல்லாமல் இறங்கிச் சுத்தம் செய்வதை ‘அபாயகரமான துப்புரவு’ என்று வேறொரு சொல்லால் குறிக்கிறது. மலக்கூடையைத் தலையில் சுமப்பதால் உடனே உயிர் போவதில்லை. தொட்டியில் விஷவாயு தாக்கித்தான் போகிறது. ஆகவே முதல் சொல்லைப் போட்டுச் சாவைக் கேட்டால் விடை பூஜ்யம்.

ஒரு வாரம்தான். ஆகஸ்ட் 4 அன்று அதே அவையில் வைக்கப்பட்ட இன்னொரு பதிலில், கழிவுநீர்த் தொட்டியையும் பாதாளச் சாக்கடையையும் சுத்தம் செய்யும்போது இறந்தவர்கள் 941 பேர் என்று அரசே எழுதியது. அதில் 213 பேர் தமிழ்நாட்டவர். நாட்டிலேயே அதிகம். அதற்கடுத்த குஜராத்தில் 153. சமூகநீதிக்குப் பேர்போன மாநிலம் என்று மார்தட்டும் நாம், இந்தப் பட்டியலின் முதல் வரியில் நின்றோம். உச்ச நீதிமன்றம் 2014-இல் இத்தகைய சாவுக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று சொன்னது. 2023-இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. பட்டியலில் பெயர் இருந்தால்தானே அந்தக் குடும்பத்துக்கு இழப்பீடு! எந்தச் சொல்லின் கீழ் ஒரு சாவு எழுதப்படுகிறது என்பது, ஒரு விதவைக்குச் சோறு கிடைக்குமா கிடைக்காதா என்பதோடு சேர்ந்த விஷயம்.

அதே ஆண்டு டிசம்பரில் பீகாரைச் சேர்ந்த உறுப்பினர் மனோஜ் ஜா கேட்டது இன்னும் கூர்மையானது. எத்தனை பேர் என்பதோடு நிறுத்தாமல், சாதிவாரியாகக் கேட்டார். கண்டறியப்பட்ட மலம் அள்ளும் தொழிலாளர் 58,098 பேர் என்றும், அவர்களில் சாதி விவரம் கிடைத்தவர்கள் 43,797 பேர் என்றும் பதில் வந்தது. அந்த 43,797 பேரில் பட்டியல் சாதியினர் 42,594. பழங்குடியினர் 421, பிற்படுத்தப்பட்டோர் 431, மற்றவர் 351. நூற்றுக்குத் தொண்ணூற்றேழு! ‘இப்போதெல்லாம் யார் சாதி பார்க்கிறார்கள்’ என்று டீக்கடையில் நம்மிடம் கேட்பவருக்கு நாம் தனியாகக் கணக்கெடுத்துக் காட்ட வேண்டியதில்லை. ஒன்றிய அரசின் தாளையே காட்டலாம். நீதிமன்றங்களைப் பற்றி அவரே கேட்டதற்கு 2025 மார்ச்சில் வந்த பதிலும் அப்படித்தான். 2018 முதல் உயர் நீதிமன்றங்களுக்கு நியமிக்கப்பட்ட 715 நீதிபதிகளில் பட்டியல் சாதியினர் 22 பேர்.

மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று. 2023 டிசம்பரில், உத்தரப் பிரதேசத்து அம்பேத்கர் நகர் தொகுதியின் அப்போதைய பகுஜன் சமாஜ் உறுப்பினர் ரிதேஷ் பாண்டே கேட்ட கேள்விக்குக் கல்வித் துறை தந்த பதில் இது. ஐந்தாண்டுகளில் மத்தியப் பல்கலைக்கழகம், ஐ.ஐ.டி., ஐ.ஐ.எம். ஆகியவற்றிலிருந்து படிப்பை இடையில் விட்டு வெளியேறிய பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட மாணவர்கள் 13,626 பேர். ஐ.ஐ.டி.களில் மட்டும் பட்டியல் சாதி மாணவர் 1,068. ஏன் வெளியேறினார்கள்? மாணவர்களுக்குப் பல வாய்ப்புகள் இருப்பதால் வேறு நிறுவனத்துக்கோ வேறு படிப்புக்கோ மாறிக்கொள்கிறார்கள் என்பது அமைச்சரின் விளக்கம். விடுதி அறையில் தனியே உட்கார்ந்து அழுத பிள்ளைக்கு இப்படியும் ஒரு விளக்கம்!

பதில் தராமலே பதில் தரும் கலையும் அங்கே உண்டு. 2020 செப்டம்பரில், கொரோனாவைச் சொல்லிக் கேள்வி நேரத்தையே ரத்து செய்துவிட்டு, எழுத்துக் கேள்விகளை மட்டும் அனுமதித்தார்கள். ஊரடங்கில் நடந்தே ஊர் திரும்பிய புலம்பெயர் தொழிலாளர் எத்தனை பேர் இறந்தார்கள், இழப்பீடு உண்டா என்று கேட்டதற்கு, அப்படியொரு புள்ளிவிவரம் வைத்திருக்கவில்லை, ஆகவே இழப்பீடு பற்றிய கேள்வி எழவில்லை என்று தொழிலாளர் துறை எழுதியது. கணக்கெடுக்காவிட்டால் கேள்வியே எழாது; அவ்வளவு எளிது. ‘தகவல் திரட்டப்படுகிறது’ என்று எழுதினால் மட்டும் நாம் சோர்ந்துவிடக் கூடாது. அது அவைக்குக் கொடுத்த உறுதிமொழியாகக் கணக்கில் ஏறும். மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும். அதைத் துரத்தவே உறுதிமொழிக் குழு என்று ஒன்று இருக்கிறது.

இதெல்லாம் டெல்லிச் சங்கதி, நமக்கென்ன என்று கேட்கலாம். காரங்காட்டில் சில கல்லூரி மாணவர்களோடு உட்கார்ந்து, நம் பகுதிக்கு ஒரு கேள்வி எழுதிப் பார்த்தோம். தேவிபட்டினம், திருப்பாலைக்குடி, தொண்டிப் பக்கத்திலிருந்தும் பிள்ளைகள் வந்திருந்தார்கள். முதலில் எழுதியது: ‘எங்கள் கடற்கரை ஏழைகளை அரசு ஏன் வஞ்சிக்கிறது?’ இது கேள்வி அல்ல, கோபம். கோபம் நியாயம்தான். ஆனால் வாதமும் குற்றச்சாட்டும் கிண்டலும் கேள்வியில் இருக்கக் கூடாது என்பது அவையின் விதி. கருத்துக் கேட்கவும் கூடாது. 150 சொல்லுக்குள் முடிய வேண்டும். விதிப்படி இல்லாவிட்டால் செயலகமே தள்ளிவிடும்.

இன்னொரு மாணவி, காரங்காடு அலையாத்திக் காட்டின் படகுச் சவாரி வருமானத்தைப் பற்றிக் கேட்கலாம் என்றார். நல்ல கேள்விதான், ஆனால் படகுச் சவாரியை நடத்துவது தமிழக வனத்துறை. அதைக் கேட்க வேண்டியவர் திருவாடானை சட்டமன்ற உறுப்பினர்; கேட்க வேண்டிய இடம் சென்னை. பஞ்சமி நிலமும் அப்படியே. டெல்லியில் கேட்டால், இது மாநிலப் பொருள் என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்.

கடைசியில் மீன்வளத்தில் வந்து நின்றோம். மீன்வளம் மாநிலப் பொருள்தான். ஆனால் 2020-இல் தொடங்கிய பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டம் ஒன்றிய அரசினுடையது. மொத்த மதிப்பு 20,050 கோடி ரூபாய். பயனாளிக்கான திட்டங்களில் பொதுப்பிரிவினருக்கு 40 விழுக்காடு வரை மானியம். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள் ஆகியோருக்கு 60 விழுக்காடு வரை. காரங்காட்டுக்குப் பக்கத்திலேயே, திருவாடானை வட்டம் வளமாவூரில், இதே திட்டத்தில் 127 கோடி ரூபாய்க்கு மேல் மதிப்பீட்டில் கடற்பாசிப் பூங்காவுக்கு 2023 செப்டம்பரில் அடிக்கல் நாட்டினார்கள்.

‘பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள்’ என்று மூவரையும் ஒரே பெட்டியில் போட்டிருப்பதைக் கவனியுங்கள். 60 விழுக்காடு பெற்றவர்கள் எத்தனை பேர் என்று மட்டும் கேட்டால் ஒரு பெரிய எண் வரும். அதில் சேரிக்காரர் பத்துப் பேரா, ஒருவருமே இல்லையா என்பது தெரியாது. ‘மீனவர்’ என்ற சொல்லிலும் இதே சிக்கல். படகு வைத்திருப்பவர் மீனவர். கரையில் நண்டு பிரிப்பவர், ஐஸ் உடைப்பவர், கருவாடு காயவைப்பவர், கூலிக்குப் பாசி எடுப்பவர் அந்தச் சொல்லுக்குள் வருவாரா? இதைக் கேட்டதும் பிள்ளைகள் தங்கள் தெருவில் யார் யார் அந்த வேலைக்குப் போகிறார்கள் என்று விரல்விட்டு எண்ணத் தொடங்கிவிட்டார்கள். அதற்கப்புறம் எழுதியது இப்படி அமைந்தது:

மீன்வளம், கால்நடை பராமரிப்பு, பால்வளத் துறை அமைச்சர் தெரிவிப்பாரா: (அ) மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் ராமநாதபுரம் மாவட்டத்தில் மானியம் பெற்ற பயனாளிகளின் ஆண்டுவாரியான எண்ணிக்கை, (ஆ) அவர்களில் பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள் ஆகியோரின் தனித்தனியான எண்ணிக்கை, பெண்களில் பட்டியல் சாதிப் பெண்களின் எண்ணிக்கை, (இ) சொந்தப் படகு இல்லாத கரைத்தொழிலாளர்கள் இத்திட்டத்தில் பயன்பெறத் தகுதியுள்ளவர்களா, ஆம் எனில் அதன் விவரம், இல்லை எனில் அதற்கான காரணம், (ஈ) வளமாவூர் கடற்பாசிப் பூங்காவின் வேலைவாய்ப்பிலும் பயிற்சியிலும் சுற்றுவட்டாரக் கிராமங்களின் பட்டியல் சாதிப் பெண்களுக்கு ஒதுக்கீடு உள்ளதா, உள்ளது எனில் அதன் விவரம், இல்லை எனில் அதற்கான காரணம்?

‘ஆம் எனில் விவரம், இல்லை எனில் காரணம்’ என்பது பழைய வாய்பாடு. சலிப்பாகத்தான் இருக்கும். ஆனால் அது இல்லாவிட்டால் அமைச்சர் ‘இல்லை’ என்ற ஒரே சொல்லோடு எழுந்து போய்விடுவார். (ஈ) பிரிவைச் சேர்த்தது, அம்மா பாசி எடுக்கக் கடலில் இறங்குகிறவர் என்று சொன்ன ஒரு மாணவி. வேறு யாருக்கும் அது தோன்றியிருக்காது.

ராமநாதபுரத்தின் மக்களவை உறுப்பினர் நவாஸ்கனி. அவருக்கு ஒரு பிரதி, நம் பிரச்சினையை எடுக்கக்கூடிய வேறு இரண்டு உறுப்பினர்களுக்கு இரண்டு பிரதி என்று முடிவாயிற்று. குலுக்கலில்தான் கேள்வி தேர்வாகும். ஒருவர் பெயரில் விழாவிட்டாலும் இன்னொருவர் பெயரில் விழலாம். 15 நாள் முன்னறிவிப்பு இருப்பதால் கூட்டத்தொடர் தொடங்கிய பிறகு மனு கொடுத்துப் பயனில்லை. ஒரு மாதம் முன்பே அவர்கள் அலுவலகத்தில் இருக்க வேண்டும். பதில் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வரும். அதைத் தமிழாக்கும் வேலையை தொண்டிப் பக்கத்து மாணவர்கள் இருவர் ஏற்றிருக்கிறார்கள். படகுச் சவாரிக் கேள்வி இன்னும் முடியவில்லை. அதை எழுத அடுத்த ஞாயிறு திரும்பவும் கூடுகிறோம்.