கருவும் தாயும்

சோழநாட்டில் வெட்டாற்றங்கரையில் விளங்குவது திருக்கருகாவூர். சம்பந்தரும் அப்பரும் பாடிய இத்தலத்து இறைவர் முல்லைவனநாதர். இறைவி கருக்காத்த நாயகி. நித்துருவ முனிவர் இல்லாத வேளையில், அவர்தம் மனைவி வேதிகை கருவுற்று அயர்ந்திருந்தாள். பிச்சைக்கு வந்த ஊர்த்துவபாத முனிவர், அவள் விரைந்து வாராமை கண்டு வெகுண்டு சபித்தார். அதனால் நோயுற்றுக் கரு கலைய, அம்மை அதனைக் குடத்திலிட்டுக் காத்தருளினாள் என்பது தலவரலாறு.

கருவைச் சிதைத்தல் தகுமோ என்னும் வழக்கு இந்நாளில் நீதிமன்றங்களிலும் நிகழ்தலின், அது சித்தாந்த முறையால் ஈண்டு ஆராயப்படுகின்றது.

உயிர் அநாதி, தோன்றி அழிவது உடம்பே, ஆகலின் கருச்சிதைவு கொலையன்று எனின், அங்ஙனங் கொள்ளின் எக்கொலையும் கொலையாகாதொழியும். உயிரை உடம்பினின்றும் பிரித்தலே கொலை. மலம் நீங்குதற்பொருட்டு இறைவன் மாயையினின்றும் கூட்டிய கருவி உடம்பு; அதனைச் சிதைத்தல் அவ்வுயிரின் வழியை மறித்தலாம். கரு அழிதல் அதன் பிராரத்தமன்றோ எனின், அது கருவின் வினை. சிதைப்பார்க்கோ அச்செயல் ஆகாமியமாய் ஏறும்.

இனி, தாயின் உடம்பும் இறைவன் தந்த கருவியே. தாய் மாயின் கருவும் மாயுமாகலின், அவள் உயிர்க்கு இடையூறு நேர்ந்தவழி அவளைக் காத்தல் அறமேயாம்.

இத்துணையும் பழைய சட்டத்துக்கும் உடன்பாடு. தாயின் உயிர் காத்தற்கு நன்னோக்குடன் செய்வதொழிய, ஏனைய கருச்சிதைவை 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம் குற்றமாக்கிற்று. 2024 ஜூலை 1 முதல் அதனிடத்து வந்த பாரதிய நியாய சம்ஹிதையின் 88ஆம் பிரிவும் அவ்வாறே கூறும். மருத்துவமறியாதார் கையில் மறைவாகக் கருக்கலைத்து மாண்ட பெண்டிர் பலராகலின், சாந்திலால் ஷா குழுவின் ஆய்வுக்குப்பின், 1971இல் மருத்துவமுறைக் கருக்கலைப்புச் சட்டம் இயற்றப்பட்டது. 2021ஆம் ஆண்டுத் திருத்தப்படி, அச்சட்டங் கூறும் காரணங்கள் உளவாயின், 20 வாரம்வரை ஒரு மருத்துவர் கருத்தும், வன்புணர்வுற்றார் முதலிய சிலர்க்கு 24 வாரம்வரை இருவர் கருத்தும் வேண்டும். அதற்கு மேல், கருவிற் பெருங்குறை உண்டென மருத்துவக் குழு துணிந்தாலன்றியும், தாயின் உயிரை உடனே காக்கவேண்டினாலன்றியும் இசைவில்லை. மணமாகாதாரை இவ்வுரிமையினின்றும் விலக்கலாகாதென 2022இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது.

சட்டம் தண்டமின்மையைக் கூறுமேயன்றி வினையின்மையைக் கூறாது. ஆயினும் வினையைத் தூக்கி அளப்பவன் இறைவனேயன்றி மாந்தரல்லர். ஊர்த்துவபாதர் தவத்தாற் பெரியர். எனினும் வேதிகையின் அயர்வுக்குக் காரணம் வினவாது சபித்தார். அம்மையோ தாய்க்கும் கருவுக்கும் ஒருங்கே அருளினாள். காவிரிநாட்டு வயல்களில் நாளெல்லாம் குனிந்து நாற்றுநடும் கருவுற்ற மகளிர்க்கு ஓய்வும் உணவும் அளியாது, நோயுற்றாரையும் கைவிடப்பட்டாரையும் தாங்காது, கருச்சிதைவை மட்டும் பழித்தல் அம்முனிவர் சாபத்தோடொக்கும். கருக்காத்தல் தாயைக் காத்தலிற் றொடங்குவதென்பதே அத்தலம் உணர்த்தும் உண்மை.