ஆயிரம் ரிவார்டு பாயின்ட்... கையில் எவ்வளவு ரூபாய்?

கும்மிடிப்பூண்டி சிப்காட், தேர்வாய்கண்டிகை, காக்களூர் என்று திருவள்ளூர் மாவட்டத்தின் தொழிற்பேட்டைகளில் வேலை பார்ப்பவர்களுக்கு இன்று சம்பளம் வங்கிக் கணக்கில்தான் வருகிறது. கணக்கு ஆரம்பித்த சில மாதங்களில், ‘உங்களுக்கு கிரெடிட் கார்டு ரெடி சார்’ என்று போன் வருவதும் வழக்கமாகிவிட்டது. மளிகை, பெட்ரோல், பிள்ளைகளின் ஸ்கூல் பேக் என்று கார்டைத் தேய்க்கிறோம். ஆனால், அதில் எவ்வளவு பாயின்ட் சேர்ந்திருக்கிறது என்று கேட்டால் பலரிடம் பதில் இருக்காது.

தெரியாமல் இருப்பதில் இரண்டு நஷ்டம். உங்களுக்குச் சேர வேண்டிய சில நூறு ரூபாய் சத்தமில்லாமல் காலாவதியாகிவிடும். இரண்டாவது நஷ்டம் பெரியது. ‘உங்கள் பாயின்ட் இன்றோடு முடிகிறது’ என்று மோசடிக்காரர்கள் அனுப்பும் மெசேஜ் உண்மையா, பொய்யா என்று பிரித்துப் பார்க்க முடியாது.

பாயின்ட் யார் பணம்?

அந்தக் காலத்தில் டீத்தூள் பாக்கெட்டின் கூப்பனை வெட்டிச் சேர்த்து, கடையில் கொடுத்து டம்ளர் வாங்குவார்கள். அமெரிக்காவில் 1896-லேயே ‘எஸ் அண்ட் எச்’ என்ற நிறுவனம் பச்சை ஸ்டாம்ப் முறையைத் தொடங்கியது. கடையில் வாங்கும் பொருளுக்கேற்ப ஸ்டாம்ப் தருவார்கள். அதைப் புத்தகத்தில் ஒட்டிச் சேர்த்தால் பரிசுப் பொருள். இன்றைய ரிவார்டு பாயின்ட் அதன் பேரப்பிள்ளைதான்.

நீங்கள் கார்டைத் தேய்க்கும்போது கடைக்காரர் அந்தத் தொகையில் ஒரு சிறு சதவிகிதத்தைக் கட்டணமாகக் கொடுக்கிறார். அதில் ஒரு பங்கு உங்கள் வங்கிக்குப் போகிறது. அதிலிருந்து ஒரு துளிதான் பாயின்ட்டாக உங்களிடம் திரும்பி வருகிறது. ஆகவே இது லாட்டரி பரிசும் அல்ல, வங்கி காட்டும் கருணையும் அல்ல. உங்கள் செலவிலிருந்து வந்த பணம். கேட்டு வாங்குவதில் தயக்கம் வேண்டாம். அதேநேரம், துளி துளிதான் என்பதையும் மறக்க வேண்டாம்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம்!

மாதம் 15,000 ரூபாய் கார்டில் செலவு செய்யும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். 100 ரூபாய்க்கு 1 பாயின்ட் என்றால் மாதம் 150, வருடத்துக்கு 1,800 பாயின்ட். ஒரு பாயின்ட்டின் மதிப்பு 25 காசு என்றால், வருட வருமானம் 450 ரூபாய். 1,800 என்று திரையில் பார்க்கும்போது பெரிதாகத் தெரிவது, கையில் வரும்போது இவ்வளவுதான். பாயின்ட் மதிப்பு கார்டுக்குக் கார்டு மாறும். ஒரே கார்டிலும், எதற்காக மாற்றுகிறோம் என்பதைப் பொறுத்துக் கூடும், குறையும்.

அடுத்து, மாற்றுவதற்கான கட்டணம். ஒவ்வொரு முறை மாற்றும்போதும் 99 ரூபாயும் அதன் மேல் 18% ஜி.எஸ்.டி-யும் வசூலிக்கும் கார்டுகள் உண்டு. மொத்தம் சுமார் 117 ரூபாய். வருடத்துக்கு ஒரே முறை மாற்றினால் 450-ல் 333 ரூபாய் மிஞ்சும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை 450 பாயின்ட்டாக மாற்றினால் கிடைப்பது 112 ரூபாய் 50 காசு. கட்டணமோ 117 ரூபாய். கைக்காசு போட்டுப் பரிசு வாங்கிய கதைதான்!

பாயின்ட்டுக்காக அதிகம் செலவு செய்வது இதைவிட ஆபத்து. அந்த 15,000 ரூபாய் பில்லில் ‘மினிமம் டியூ’ 750 ரூபாயை மட்டும் கட்டினால் பாக்கி 14,250. மாதம் 3.5% வட்டி என்றால், ஜி.எஸ்.டி-யோடு சுமார் 590 ரூபாய். பொருள் வாங்கிய தேதியிலிருந்தே வட்டி ஓடும் என்பதால் இதைவிடக் கூடவும் வாய்ப்பு உண்டு. வருடம் முழுக்கச் சேர்த்த 450 ரூபாயை ஒரு மாத வட்டியே விழுங்கிவிடும். முழு பில்லையும் கெடு தேதிக்குள் கட்டுபவருக்கு மட்டும்தான் பாயின்ட் லாபம்.

எந்த கிஃப்ட் கார்டு நல்லது?

எப்படியும் வாங்கப்போகும் பொருளுக்குப் பயன்படும் கார்டுதான் நல்லது. தி.நகர் ஜவுளிக்கடை கிஃப்ட் கார்டை எடுத்துவிட்டு, கும்மிடிப்பூண்டியிலிருந்து சென்ட்ரல் வரை ரயிலில் போய், அங்கிருந்து பஸ் பிடித்தால் ஒருநாள் லீவும் போகும்; 300 ரூபாய் கார்டுக்காக 2,000 ரூபாய்க்குப் புடவையும் வரும். மளிகை, பெட்ரோல், வீட்டுக்கே டெலிவரி ஆகும் ஆன்லைன் கடை... இவற்றின் கார்டுகளே குடும்ப பட்ஜெட்டுக்குக் கைகொடுக்கும்.

கிஃப்ட் கார்டில் இரண்டு வகை உண்டு. வங்கிகளும், ரிசர்வ் வங்கியின் அனுமதி பெற்ற நிறுவனங்களும் தரும் கார்டுகள் பல கடைகளில் செல்லும். ரிசர்வ் வங்கியின் 2021 விதிகளின்படி, இவற்றின் உச்சவரம்பு 10,000 ரூபாய். மீண்டும் பணம் நிரப்ப முடியாது. ரொக்கமாகவும் எடுக்க முடியாது. குறைந்தது ஒரு வருடமாவது செல்லுபடியாக வேண்டும். ஒரு கடை தன் பொருள்களுக்கு மட்டும் தரும் வவுச்சருக்கு இந்த விதிகள் பொருந்தாது. அங்கே கடை போட்டதுதான் சட்டம். ஆகவே, வவுச்சரை எடுப்பதற்கு முன்பே நிபந்தனைகளைப் படித்துவிடுங்கள்.

கவனிக்க வேண்டியவை:

* கடைசித் தேதி எது? பாயின்ட்டுக்கு ஒரு காலாவதி தேதி, வவுச்சருக்கு வேறொரு காலாவதி தேதி.

* கடையில் செல்லுமா, ஆன்லைனில் மட்டுமா? உங்கள் ஊர்க் கிளையில் ஏற்றுக்கொள்வார்களா?

* மீதித்தொகையை அடுத்த பில்லில் பயன்படுத்தலாமா, ஒரே பில்லில் தீர்க்க வேண்டுமா?

* வவுச்சர் எண்ணும் பின் நம்பரும் பணத்துக்குச் சமம். ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஃபேமிலி குரூப்பில் போட வேண்டாம்.

* வேலை மாறும்போது சிம் கார்டையும் மாற்றுபவர்கள், முதலில் வங்கியில் புது எண்ணைப் பதிவு செய்யுங்கள். இல்லாவிட்டால் ஓ.டி.பி பழைய எண்ணுக்குப் போகும்.

* கார்டை ரத்து செய்வதாக இருந்தால், அதற்கு முன்பே பாயின்ட்டை மாற்றிவிடுங்கள்.

‘இன்றே கடைசி’ மெசேஜ்

பாயின்ட் காலாவதியாகும் என்ற பதற்றம்தான் மோசடிக்காரர்களின் மூலதனம். எஸ்.பி.ஐ பெயரில் இப்படி வரும் மெசேஜ்களும், அவற்றோடு வரும் ஏ.பி.கே ஃபைல்களும் போலியானவை என்று மத்திய அரசின் பி.ஐ.பி ஃபேக்ட் செக் பிரிவு 2024-ல் எச்சரித்தது. லிங்க்கோ, ஏ.பி.கே ஃபைலோ அனுப்பி பாயின்ட்டை மாற்றச் சொல்வதில்லை என்று எஸ்.பி.ஐ-யும் தெளிவுபடுத்தியது.

ஏ.பி.கே என்பது ஆண்ட்ராய்டு போனில் ஆப்பை நிறுவும் ஃபைல். அதை நிறுவி, கேட்கும் அனுமதிகளையெல்லாம் கொடுத்துவிட்டால், உங்களுக்கு வரும் ஓ.டி.பி எஸ்.எம்.எஸ்-ஐ மோசடிக்காரர் அங்கிருந்தே படித்துவிடலாம். பிறகு போவது பாயின்ட் அல்ல, சம்பளம்.

இந்த இடத்தில்தான் முன்பு போட்ட கணக்கு காவலுக்கு நிற்கும். வருடத்துக்கு 450 ரூபாய்தான் சேரும் என்று தெரிந்தவர், ‘9,000 ரூபாய் பாயின்ட் காத்திருக்கிறது’ என்ற மெசேஜைப் பார்த்ததும் சிரித்துவிட்டு டெலீட் செய்வார். சந்தேகம் இருந்தால், லிங்க்கைத் தொடாமல் வங்கியின் ஆப்பில் நீங்களே போய்ப் பாருங்கள். அல்லது கார்டின் பின்புறம் உள்ள எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.

பணம் போய்விட்டால்...

உடனே போனின் இன்டர்நெட்டைத் துண்டியுங்கள். வேறொரு போனிலிருந்து வங்கியை அழைத்து கார்டையும் கணக்கையும் முடக்கச் சொல்லுங்கள். அடுத்து 1930 என்ற சைபர் குற்ற உதவி எண். முதல் சில மணி நேரத்தில் புகார் செய்தால், பணம் கைமாறுவதற்குள் தடுக்க வாய்ப்பு அதிகம்.

ரிசர்வ் வங்கியின் 2017 விதிப்படி, உங்கள் தவறும் வங்கியின் தவறும் இல்லாமல் வெளியார் பணத்தை எடுத்திருந்தால், வங்கியிலிருந்து தகவல் வந்த 3 வேலை நாள்களுக்குள் புகார் செய்தால் உங்களுக்கு இழப்பு கிடையாது. ஓ.டி.பி-யை நீங்களே சொல்லியிருந்தால், புகார் செய்யும் வரையிலான இழப்பு உங்களுடையது. அதன் பிறகு நடப்பது வங்கியின் பொறுப்பு. ஆகவே, வெட்கப்பட்டுக்கொண்டு மறைக்க வேண்டாம். ஒவ்வொரு நிமிடமும் பணம்தான். வங்கி 30 நாள்களில் பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். விவரம் கேட்க 14448.

இன்று ஓர் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். வங்கி ஆப்பைத் திறந்து மூன்று விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: எத்தனை பாயின்ட், ஒரு பாயின்ட் எத்தனை காசு, எந்தத் தேதியில் காலாவதி. அந்தத் தேதிக்கு ஒரு மாதம் முன்பாக போனில் ரிமைண்டர் வையுங்கள். வீட்டில் கார்டு வைத்திருக்கும் மற்றவர்களுக்கும் இதைச் செய்து கொடுங்கள்.