இரவு நீளும்போது பூக்கும் ஆஸ்டர்

வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் செப்டம்பர் பிறந்ததும் தோட்டங்கள் களையிழக்கும். நியூ இங்கிலாந்து ஆஸ்டர் ஊதா ஊதாவாகப் பூத்துக் குலுங்குவது அப்போதுதான். ஆளுயரச் செடி, சில இடங்களில் 6 அடியையும் தொடும். நம் பூக்கடைகளில் விற்கும் சீன ஆஸ்டர் ஓராண்டில் முடிந்துபோகும். இதுவோ பல்லாண்டுச் செடி. குளிர்காலத்தில் தரைக்கு மேலே எல்லாம் காய்ந்தாலும், மைனஸ் 30 டிகிரிக் குளிரையும் தாங்கி மண்ணுக்குள் உயிரோடிருந்து வசந்தத்தில் துளிர்க்கும்.

எப்போது பூப்பது என்பதை இரவின் நீளம்தான் தீர்மானிக்கிறது. கோடை உச்சம் தாண்டி இரவு நீள்வதை இலைகள் உணர்ந்து நுனிக்குத் தெரிவிக்கும். நுனி மொட்டுக் கட்டத் தொடங்கும். சாமந்திக்கும் இதே கணக்குத்தான். தோட்டக்காரர் கத்தரியை எடுக்கும் நாளும் இதை ஒட்டியே அமைகிறது. மே கடைசியிலோ ஜூனிலோ தண்டுகளை மூன்றில் ஒரு பங்கு வெட்டிவிட வேண்டும். நுனியில் சுரக்கும் ஆக்சின் என்னும் ஹார்மோன் பக்க மொட்டுகளை எழவிடாமல் அடக்கி வைத்திருக்கும். நுனி போனதும் அவை கிளைக்கும், செடி குட்டையாக, அடர்த்தியாக வரும், காற்றுக்குச் சாயாது. ஜூலை பாதிக்கு மேல் வெட்டினால் பூக்க வேண்டிய நுனிகளே போய்விடும். வெட்ட மனமில்லாதவர்கள் கம்பு ஊன்றிக் கட்டலாம்.

நல்ல வெயிலும் ஈரம் காக்கும் மண்ணும் போதும். கீழ் இலைகள் காய்ந்து அசிங்கமாகத் தெரியும் என்பதால் முன்னால் குட்டையான செடி ஒன்றை வைப்பது நல்லது.

ஒரு பூவைக் கிட்டத்தில் பாருங்கள். அது ஒரு பூ அல்ல, சூரியகாந்தியைப் போலப் பூக்களின் கூட்டம். இதழ் என்று நாம் நினைக்கும் ஒவ்வொரு ஊதாக் கீற்றும் தனிப் பெண்பூ. நடுவிலுள்ள மஞ்சள் பூக்கள் ஓரத்திலிருந்து உள்நோக்கி வட்டம் வட்டமாக விரியும், மூத்தவை சிவந்துபோகும். இரவில் கீற்றுகள் சுருங்கிக்கொள்ளும்.

இந்தப் பூக்களின் தேனுக்கு இருக்கும் மதிப்பு வசந்தகாலத் தேனுக்கு இல்லை என்பேன். மெக்சிகோ மலைக்காடுகளுக்குப் பறக்கும் மொனார்க் வண்ணத்துப்பூச்சிகள் வழியில் இதைக் குடித்துக் கொழுப்பாகச் சேர்த்துக்கொள்கின்றன. குளிர்காலத்தைக் கழிக்க அவற்றுக்கு அந்தக் கொழுப்புதான் ஆதாரம். மண்ணுக்குள் உறங்கப் போகும் பம்பிள் தேனீ ராணிகளுக்கும் கடைசி விருந்து இதுவே.

இரண்டு மூன்று ஆண்டில் புதரின் நடுப்பகுதி நலிந்துவிடும். வசந்தத்தில் தோண்டி, ஓரத்துத் துண்டுகளைப் பிரித்து நட வேண்டும். 'ஆல்மா பொட்ஷ்கே' போன்ற பளிச்சென்ற இளஞ்சிவப்பு ரகங்களை இப்படிப் பெருக்குவதே நல்லது. விதைநாற்று தாயின் நிறத்தில் வரும் என்று நம்ப முடியாது.