இரண்டு நிமிஷப் படம்: பயம் வேண்டும், ரத்தம் வேண்டாம்

கல்லூரியில் விஸ்காம் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால், ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் உங்கள் கூடமும் சமையலறையும் ஷூட்டிங் தளமாக மாறும். “ஒரு த்ரில்லர் படத்தின் ஆரம்பத்தை மட்டும் இரண்டு நிமிஷத்தில் எடுத்து வா” என்று பாடம் கொடுத்து விடுகிறார்கள். ‘சினிமாவைப் பற்றி நமக்கென்ன தெரியும்?’ என்று ஒதுங்கி விடாதீர்கள். காமிராவைத் தொடுவதற்கு முன்னால் செய்யும் ஏற்பாடுதான் இதில் முக்கால்வாசி வேலை. அதில் நம் கை நிச்சயம் உதவும்.

என் மகளும் அவளோடு படிக்கும் நாலு பேரும் முதலில் போட்ட திட்டம் இது: நடு ராத்திரி. ரயில் தண்டவாளத்தின் ஓரமாக ஒரு பெண் ஓடுகிறாள். பின்னால் கத்தியோடு ஒருவன். கடைசியில் அவள் பிணம்.

“ஏன்டி, சாகிறவள் எப்பவும் பொண்ணாவே இருக்கணுமா?” என்று கேட்டேன்.

“த்ரில்லர்னா அப்படித்தாம்மா. பயம் வரணுமில்ல?” என்றாள்.

பயம் வர பிணம் வேண்டுமா? அன்று சாயங்காலம் ஐந்து பேரையும் உட்கார வைத்து இதைத்தான் பேசினோம்.

பயம் எங்கே பிறக்கிறது?

ஹிட்ச்காக் இதற்கு ஓர் உதாரணம் சொல்லியிருக்கிறார். மேஜைக்கு அடியில் குண்டு இருப்பது யாருக்கும் தெரியாமல் திடீரென்று வெடித்தால், ரசிகர்களுக்கு 15 விநாடி அதிர்ச்சி. குண்டு இருப்பது ரசிகர்களுக்கு மட்டும் தெரிந்து, மேஜையைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தால் 15 நிமிஷமும் பதைபதைப்பு. நமக்குத் தெரியாததா இது? அடுப்பில் பால் பொங்கி வருவதை நாம் பார்த்துவிட்டோம், பக்கத்தில் நிற்பவள் ஃபோனில் பேசிக்கொண்டிருக்கிறாள் என்றால் நம் கை பரபரக்கிறதே, அதேதான்!

அவருடைய ‘சைக்கோ’வில் (1960) வரும் குளியலறைக் கொலை முக்கால் நிமிஷம்தான். அதை எடுக்க 7 நாள் ஆயிற்று. முன்கூட்டியே ஒவ்வொரு காட்சித் துண்டையும் படமாக வரைந்து வைத்திருந்தார்கள். கருப்பு வெள்ளைப் படமாகையால் ரத்தத்துக்குச் சாக்லேட் பாகு! நம் எஸ். பாலசந்தரின் ‘அந்த நாள்’ (1954) பாட்டு, நடனம் எதுவும் இல்லாத படம். துப்பாக்கி வெடிக்கிறது, ஒருவர் விழுகிறார். சுட்டது யார் என்ற கேள்வி கடைசி வரை நம்மைப் பிடித்து உட்கார வைக்கிறது. ஆரம்பத்தின் வேலை அவ்வளவுதான்: ஒரு கேள்வியை நட்டுவிட்டு விலகிக்கொள்வது.

வாசலில் ஒரு ஜோடி செருப்பு

பேசிப் பேசிக் கதை மாறியது. பட்டப்பகல். கல்லூரிப் பெண் வீடு திரும்புகிறாள். கதவில் பூட்டு தொங்குகிறது. ஆனால் வாசலில் ஈரமான ஆண் செருப்பு ஒரு ஜோடி. பூட்டைத் திறந்து உள்ளே போனால் யாரும் இல்லை. மேஜையில் ஆவி பறக்கும் காப்பி. திரும்பி வாசலைப் பார்க்கிறாள். செருப்பைக் காணோம்! அங்கே படத்தின் பெயர்.

ரத்தமில்லை, ராத்திரியில் பிள்ளைகள் வெளியே அலைய வேண்டியதில்லை. தண்டவாளத்தில் நடப்பது ஆபத்து மட்டுமல்ல, சட்டப்படி குற்றம். ரயில் நிலையத்தில் படமெடுக்க முன் அனுமதி வேண்டும். பொம்மைத் துப்பாக்கி, கத்தியோடு தெருவில் ஓடினால் பார்ப்பவர்கள் நிஜமென்று பதறிப் போவார்கள்.

காகிதத்தில் முதலில்

இரண்டு நிமிஷம் என்பது 120 விநாடி. ஒரு ஷாட்டுக்குச் சராசரி 4 விநாடி என்றால் 30 ஷாட். 30 கட்டம் போட்டு, ஒவ்வொன்றிலும் என்ன தெரிகிறது, என்ன சத்தம், யார் பெயர் என்று எழுதச் சொல்லுங்கள். படம் வரைய வராவிட்டால் குச்சி மனிதன் போதும்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை:

* காப்பியின் ஆவி காமிராவில் சுலபத்தில் தெரியாது. பின்னால் இருண்ட துணி, பக்கவாட்டிலோ பின்னாலோ வெளிச்சம் இருந்தால் தெரியும். சூடு ஆறினால் மாற்றக் காப்பி தயாராக இருக்கட்டும்.

* செருப்பு காய்ந்துவிடும். ஒவ்வொரு ஷாட்டுக்கும் முன் தண்ணீர் தெளியுங்கள்.

* பின்னல், பொட்டு, துப்பட்டா, கைக்கடிகாரம் ஷாட்டுக்கு ஷாட் மாறக் கூடாது. ஆரம்பத்திலேயே ஒரு ஃபோட்டோ எடுத்து வைத்து ஒப்பிடுங்கள். இந்த வேலைக்கு அம்மாக்களை விடக் கண்கொத்திப் பாம்பு கிடையாது!

* வசனம் எடுக்கும்போது மின்விசிறியையும் ஃப்ரிட்ஜையும் நிறுத்துங்கள். ‘ஃப்ரிட்ஜ் போடு’ என்று சீட்டு எழுதி அதன் கதவிலேயே ஒட்டிவிடுங்கள்; இல்லாவிட்டால் மறுநாள் மாவு புளித்துப் பொங்கியிருக்கும்.

* பூட்டு திறக்கும் ஓசை, டம்ளர் வைக்கும் ஓசை இவற்றைக் கிட்டத்தில் ஃபோனை வைத்துத் தனியாகப் பதிவு செய்யட்டும். யாரும் பேசாத வெறும் அறையின் சத்தமும் ஒரு நிமிஷம் வேண்டும். பிறகு ஒட்டு தெரியாமல் சேர்க்க உதவும்.

எடுத்து முடித்ததும் கதை தெரியாத ஒருவருக்குப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். “நல்லா இருக்கு” என்ற பாராட்டில் மயங்க வேண்டாம். இவர்கள் படத்தைப் பார்த்த எதிர் வீட்டு மாமி பாராட்டவே இல்லை. “ஏன்டி, அந்தச் செருப்பு யாருது?” என்று கேட்டார். ஐந்து பேர் முகத்திலும் வந்த சிரிப்பைப் பார்க்க வேண்டுமே!