பிக்சர் டியூப் கண்ணாடி விலை குறைந்த கதை

டி.வி. வியாபாரம் செய்தவர்களுக்கு ஒன்று நன்றாக நினைவிருக்கும். பழைய பெட்டியைத் தூக்கினால் கனமெல்லாம் முன்பக்கமே இருக்கும். பின்பக்கம் பிளாஸ்டிக் மூடி, ஒரு சர்க்யூட் பலகை, அவ்வளவுதான். எடையில் பெரும்பகுதி பிக்சர் டியூப். அந்த டியூபின் எடையில் பெரும்பகுதி கண்ணாடி. ஆகவே டி.வி.யின் அடக்க விலையைக் குறைக்க நினைத்த எந்த உற்பத்தியாளரும் கண்ணாடியைத் தொடாமல் இருக்க முடியவில்லை.

இன்று கடைகளில் அந்தப் பெட்டிகள் இல்லை. ஆனால் கண்ணாடியை மலிவாக்க எடுத்த முயற்சிகளிலும், அவை எங்கே நின்றன என்பதிலும் எந்தச் சரக்கை விற்கும் வணிகருக்கும் பயன்படும் பாடங்கள் உள்ளன. தவிர, பழைய டியூபுகள் இன்னும் நம் கிடங்குகளிலும் காயலான் கடைகளிலும் கிடக்கின்றன. அவற்றில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்வது நமக்கு அவசியம்.

கண்ணாடி செய்ய வேண்டிய வேலைகள்

பிக்சர் டியூப் மூன்று பாகங்கள் கொண்டது. படம் தெரியும் முன்முகம், அதன் பின்னால் கூம்பு, கடைசியில் எலக்ட்ரான் துப்பாக்கி அமர்ந்திருக்கும் கழுத்து. உள்ளே காற்றே கிடையாது. எனவே வெளிக்காற்று எப்போதும் அழுத்திக்கொண்டிருக்கும். 21 அங்குல டியூபின் முன்முகத்தின் மேல் மட்டும் இந்த அழுத்தம் சுமார் 1¼ டன். கண்ணாடி தடிமனாக இருப்பதற்கு முதல் காரணம் இதுதான்.

இரண்டாவது, மின்சாரத்தைக் கசியவிடக் கூடாது. கறுப்பு வெள்ளை டியூபில் 12,000 முதல் 18,000 வோல்ட், கலர் டியூபில் 25,000 வோல்ட் அளவில் மின்னழுத்தம் உண்டு. மூன்றாவது, சூடேறும்போது மூன்று பாகங்களும் ஒரே அளவில் விரிய வேண்டும். இந்த வகைக் கண்ணாடியில் ஒரு மீட்டர் நீளத் துண்டு 100 டிகிரி சூடேறினால் சுமார் 1 மில்லிமீட்டர் நீளும். ஒரு பாகம் கூடுதலாகவும் மற்றது குறைவாகவும் விரிந்தால் ஒட்டுமிடத்தில் விரிசல் விடும். நான்காவது, உள்ளே பிறக்கும் எக்ஸ் கதிர்களை வெளியே விடக் கூடாது. ஐந்தாவது, ஆண்டுக்கணக்கில் எலக்ட்ரான்கள் வந்து மோதினாலும் முன்முகம் நிறம் மாறக் கூடாது.

இந்த ஐந்தில் ஒன்றைக்கூட விட்டுக்கொடுக்காமல் விலையைக் குறைக்க வேண்டும். அதுதான் கண்ணாடி ஆய்வாளர்களுக்கு வைக்கப்பட்ட கணக்கு.

முதல் கட்டம்: ஈயத்தைக் குறைத்தது

பல்பு, ரேடியோ வால்வு செய்த காலத்திலிருந்தே ஈயம் கலந்த கண்ணாடி தொழிலில் இருந்தது. நம் நாட்டு மருந்துக் கடைகளில் மிருதார்சிங்கி என்று சொல்கிறோமே, அந்த ஈய ஆக்சைடுதான் அதன் சேர்மானம். குறைந்த சூட்டில் இளகும், மின்சாரத்தை நன்றாகத் தடுக்கும், உலோகக் கம்பியோடு ஒட்டும். எல்லாம் நல்ல குணங்களே. ஆனால் ஈயம் மணலைப்போல மலிவான பொருள் அல்ல, எடையையும் கூட்டும்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவில் டி.வி.க்குத் திடீரென்று கிராக்கி ஏற்பட்டது. 1946-ல் சில ஆயிரம் பெட்டிகள் உற்பத்தியான நாட்டில் 1950-ல் 70 லட்சத்துக்கு மேல் உற்பத்தியாயின. திரையும் 10 அங்குலத்திலிருந்து 16 அங்குலம், அதற்கும் மேல் என்று பெரிதாகிக்கொண்டே போனது. திரை பெரிதானால் கண்ணாடியின் எடை அதைவிட வேகமாகக் கூடும். பரப்பும் கூடுகிறது, தடிமனும் கூடுகிறது அல்லவா?

இந்த இடத்தில் கண்ணாடிக்கு ஒரு போட்டி வந்தது. ஆர்.சி.ஏ. நிறுவனம் 1949-ல் கூம்பை உலோகத்தால் செய்து, முன்முகத்துக்கு மட்டும் கண்ணாடி வைத்து 16 அங்குல டியூபை வெளியிட்டது. எடை குறைவு, விலையும் கட்டுப்படியாகும். ஆனால் அந்த உலோகக் கூம்பிலேயே உயர் மின்னழுத்தம் இருந்ததால் அதைச் சுற்றித் தனியாக மின்காப்புச் செய்ய வேண்டியிருந்தது.

டியூப் கண்ணாடி தயாரிப்பில் முன்னணியில் இருந்த கார்னிங் நிறுவனம் இரண்டு வழிகளில் பதில் சொன்னது. ஒன்று, சேர்மானத்தை மாற்றியது. வில்லியம் ஆர்மிஸ்டெட் என்ற ஆய்வாளர் முன்னின்று செய்த பணி இது. ஈயத்துக்குப் பதிலாகப் பேரியம் போன்றவற்றைச் சேர்த்து, அதே போல மின்சாரத்தைத் தடுத்து, அதே அளவில் விரியும் கண்ணாடியை உருவாக்கினார்கள். மற்றொன்று, செய்முறையை மாற்றியது. உருகிய கண்ணாடி உருண்டையை அச்சில் போட்டு வேகமாகச் சுழற்றினால் அது தானே சுவரில் ஏறிக் கூம்பாகிவிடும். ஊதிச் செய்யும் கூலி மிச்சம், சேதாரமும் குறைவு. சில ஆண்டுகளில் உலோகக் கூம்பு சந்தையிலிருந்து மறைந்தது. மலிவான மாற்றுச் சரக்கு வந்தபோது பழைய சரக்குக்காரர் தன் அடக்கத்தைக் குறைத்து இடத்தைக் காத்துக்கொண்டதற்கு இது நல்ல உதாரணம்.

சோடியத்தையும் பொட்டாசியத்தையும் பங்கிட்டுச் சேர்ப்பதும் இந்தக் கலையில் ஒரு நுணுக்கம். சோடா மட்டும் போட்டால் செலவு குறையும், ஆனால் மின்கசிவு கூடும். இரண்டையும் ஏறத்தாழச் சமமாகச் சேர்த்தால், தனித்தனியாகப் போடுவதைவிட மின்தடை பல மடங்கு உயரும். கொஞ்சம் விலை கூடிய பொட்டாஷ், தன் விலைக்கு மேல் வேலை செய்துவிடுகிறது.

இரண்டாம் கட்டம்: கலர் வந்ததும் கணக்கு மாறியது

கறுப்பு வெள்ளைப் பெட்டியின் மின்னழுத்தத்தில் பிறக்கும் எக்ஸ் கதிர் வலுவில்லாதது. தடித்த கண்ணாடியே அதை விழுங்கிவிடும். கலர் டி.வி.யில் மின்னழுத்தம் 25,000 வோல்ட்டை எட்டியபோது நிலைமை மாறிற்று. 1967-ல் அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக் தயாரித்த பெரிய திரைக் கலர் பெட்டிகளில் அளவுக்கு மீறிய கதிர் வெளிவருவது தெரிந்தது. அங்கே குற்றவாளி பிக்சர் டியூப் அல்ல, மின்னழுத்தத்தைச் சீராக்கும் ஒரு வால்வு. ஆனாலும் மக்களின் பயம் டி.வி. தொழில் முழுவதையும் தொட்டது. 1968-ல் சட்டம் வந்தது. பெட்டியிலிருந்து 5 சென்டிமீட்டர் தூரத்தில் மணிக்கு 0.5 மில்லிராண்ட்ஜனுக்கு மேல் கதிர் இருக்கக் கூடாது என்று வரம்பு விதிக்கப்பட்டது.

இனி ஈயத்தை நீக்கி மிச்சம் பிடிக்கும் பேச்சுக்கே இடமில்லை. கலர் டியூபின் கூம்பில் சுமார் 22 சதவிகிதம் ஈய ஆக்சைடு சேர்த்தார்கள். சுவர் மெல்லியதான கழுத்தில் 30 சதவிகிதத்துக்கு மேல் சேர்த்தார்கள். கூம்பு 5 கிலோ எடை என்றால் அதில் 1 கிலோவுக்கு மேல் ஈய ஆக்சைடு என்று கணக்கு.

அப்படியானால் முன்முகத்துக்கும் ஈயத்தைப் போட்டுவிடலாமே என்று தோன்றும். முடியாது. ஓயாமல் எலக்ட்ரான் மோதும் இடத்தில் ஈயம் இருந்தால் கண்ணாடி பழுப்பேறிவிடும். படம் மங்கிய டி.வி.யை யார் வாங்குவார்கள்? எனவே முன்முகத்துக்குப் பேரியமும் ஸ்ட்ரான்சியமும் சேர்த்தார்கள். இரண்டும் சேர்ந்து 15 முதல் 20 சதவிகிதம் வரை இருக்கும். டி.வி.யில் பிறக்கும் கதிரைப் பொறுத்தவரை, எடைக்கு எடை பேரியத்தைவிட ஸ்ட்ரான்சியம் நன்றாகத் தடுக்கும். பழுப்பேறாமல் இருக்கச் சிறிதளவு சீரியம், குமிழி இல்லாமல் தெளிய ஆன்டிமனி. இப்படி ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வேலை ஒதுக்கப்பட்டது.

இதன் விளைவை மூலப்பொருள் சந்தையில் பார்க்கலாம். 1990-களில் அமெரிக்காவில் செலவான ஸ்ட்ரான்சியத்தில் பாதிக்கு மேல் டி.வி. முன்முகக் கண்ணாடிக்கே போனது. தட்டைத் திரை வந்து டியூப் போனதும் அந்தக் கிராக்கி சரிந்தது. ஒரே வாடிக்கையாளரை நம்பிய சரக்கின் கதி இதுதான்.

மூன்றாம் கட்டம்: உடைசல் கண்ணாடி

சேர்மானத்தில் குறைக்க இடமில்லாமல் போனபோது மிச்சம் பிடிக்க இன்னொரு வழி இருந்தது. அது உடைசல். உடைந்த கண்ணாடியை மறுபடி உலையில் போட்டால் புது மூலப்பொருள் குறையும். மேலும் அது சீக்கிரம் உருகுவதால் எரிபொருளும் மிச்சம். ஏறத்தாழ 1500 டிகிரி சூட்டில் ஆண்டுக்கணக்கில் அணையாமல் எரியும் உலைக்கு இது சிறிய லாபமல்ல.

ஆனால் ஒரு நிபந்தனை. முன்முகத் துண்டும் கூம்புத் துண்டும் கலக்கக் கூடாது. கூம்பின் ஈயம் முன்முக உலைக்குள் போனால் உற்பத்தி கெட்டுவிடும். தரம் பிரித்த உடைசலுக்கு விலை உண்டு. கலந்த உடைசலை எடுப்பாரில்லை. நெல்லிலும் பருப்பிலும் நாம் பார்ப்பது கண்ணாடியிலும் அப்படியே.

இந்தியாவில் 1982 ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டிக் கலர் ஒளிபரப்பு வந்தபின் இந்தத் தொழில் வளர்ந்தது. காஜியாபாத்தில் சாம்டெல், மொகாலியில் ஜே.சி.டி. எலக்ட்ரானிக்ஸ் ஆகியவை டியூப் செய்தன. கோட்டாவில் சாம்கோர் கிளாஸ், குஜராத்தின் பரூச்சில் வீடியோகான் ஆகியவை டியூப் கண்ணாடி செய்தன. சென்னையில் தயாரான டயனோரா, சாலிடேர் பெட்டிகளை விற்ற உறுப்பினர்கள் நம்மில் உண்டு. உலகில் மற்ற உலைகள் அணைந்த பிறகும் பழைய டியூப் கண்ணாடியை வாங்கிக்கொண்டிருந்த கடைசித் தொழிற்சாலைகளில் பரூச் ஒன்று. கார்னிங் 2003-லேயே அமெரிக்காவில் டியூப் கண்ணாடி உற்பத்தியை நிறுத்திவிட்டுத் தட்டைத் திரைக் கண்ணாடிக்கு மாறிவிட்டது.

இன்று நாம் கவனிக்க வேண்டியவை

பழைய டியூப் கண்ணாடியை உருக்கிப் புது டியூப் செய்யும் உலைகள் இல்லாமல் போனதால், ஒரு காலத்தில் விலை பெற்ற உடைசல் இன்று செலவு வைக்கும் கழிவாகிவிட்டது. எக்ஸ்சேஞ்ச் திட்டத்தில் பழைய பெட்டியை எடுத்தவர்களும், ரிப்பேர் கடை நடத்துபவர்களும், காயலான் கடைக்காரர்களும் கீழ்க்கண்டவற்றைக் கவனத்தில் கொள்வது நல்லது.

1. தாமிரக் கம்பிக்காக டியூபை உடைக்கக் கூடாது. உடைக்க விடவும் கூடாது. உள்ளே வெற்றிடம் என்பதால் கண்ணாடி சிதறி ஆளைக் காயப்படுத்தும். மின் இணைப்பைத் துண்டித்த பின்னும் டியூபில் மின்சாரம் தங்கியிருக்கக்கூடும்.

2. உடைந்த கூம்பு, கழுத்து, ஒட்டுக் கண்ணாடி ஆகியவற்றில் ஈயம் உண்டு. அதன் தூள் மூச்சிலும் உணவிலும் கலக்கக் கூடாது. குழந்தைகளுக்கு ஈயம் பெரும் கேடு. குப்பையிலும் காலி மனையிலும் கொட்டினால் மண்ணுக்கும் நீருக்கும் கேடு.

3. முழு டியூபாகவே மழை படாத இடத்தில் வைத்து, முறையாகப் பதிவு பெற்ற மறுசுழற்சி நிறுவனத்திடம் மட்டும் ஒப்படைக்க வேண்டும். 1-4-2023 முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு விதிகளின்படி, மறுசுழற்சி செய்வோர் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவுச் சான்றைப் பார்த்து, ஒப்படைத்ததற்கு ரசீது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

முடிவாக ஒன்று. கறுப்பு வெள்ளைக் காலத்தில் ஈயத்தை எடுத்தது சரியான சிக்கனம். கலர் காலத்தில் அதையே செய்திருந்தால் வாடிக்கையாளரின் உடல்நலத்தை விற்று லாபம் பார்த்ததாகியிருக்கும். பொருள் ஒன்றுதான், அது செய்ய வேண்டிய வேலை மாறிவிட்டது. ‘அதே சரக்கு, விலை மட்டும் குறைவு’ என்று ஒருவர் நம் கடைக்கு வரும்போது, விலை எவ்வளவு என்று கேட்பதற்கு முன், எதை எடுத்தீர்கள், அது செய்துவந்த வேலையை இப்போது எது செய்கிறது என்று கேட்டுவிட வேண்டும். அதற்குத் தெளிவான பதில் தருபவரின் சரக்கைத் தாராளமாகக் கொள்முதல் செய்யலாம்.