தன்னறிவும் திருவருளும்

கற்ற கல்வியே தம்மைக் காக்கும் என்று நம்புவது மனித இயல்பு. அந்நம்பிக்கை தளரும் இடத்தில் திருவருள் துணைநிற்கும் என்பதைப் பெரியபுராணம் கூறும் திருநாவுக்கரசர் வரலாறு உணர்த்துகிறது.

திருவாமூரில் அவதரித்த மருள்நீக்கியார், பல நூல்களைக் கற்றுத் தேர்ந்து, சமண சமயம் சார்ந்து, தருமசேனர் என்னும் பெயருடன் தலைமை பெற்றார். கொடிய சூலைநோய் பற்றியபோது அறிந்த மந்திரம் எதுவும் பயன்தரவில்லை. ஆளனுப்பி அழைத்தும் தமக்கையார் திலகவதியார் அங்கு வர மறுத்தார். ஆகவே தலைமையைத் துறந்து, இரவிலேயே திருவதிகை சேர்ந்து, தமக்கையார் திருவடியில் வீழ்ந்தார். அம்மையார் ஐந்தெழுத்தோதித் திருநீறு அளித்து, வீரட்டானத் திருக்கோயிலுக்கு அழைத்துச் சென்றார். அங்கு பதிகம் பாடிப் பணிந்தார், நோய் நீங்கியது.

அவர் கற்ற கல்வி வீணாகவில்லை. அதுவே தேவாரமாக மலர, நாவுக்கரசு என்னும் திருநாமத்தை இறைவன் அருளினான். நம் அறிவையும் அவன் திருவடியில் ஒப்படைப்பதே சரணாகதி ஆகும்.